உயிரில்லாத உயிர்களும் உயிருள்ள மனச்சாட்சியும்



கல்முனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து, மக்கள் ஆலய வாசலில் நின்று ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்த வேளை. ஒரு தாய் மட்டும் சற்று ஒதுங்கி நின்றார். கூட்டம் கலைந்த பின் அருகில் வந்தார்.

"ஃபாதர், ஒரு விசயம் கேக்கணும். சிரிக்கப்படாது. என்ட மகன் ஃபோனில ஒரு கேம் விளையாடுறான். அதுக்குள்ள இருக்கிற ஆக்களப் பிடிச்சி ஒரு சின்னக் கூட்டுக்குள்ள அடைச்சி வைக்கிறான். ஒருத்தன நெருப்புக் குழம்புக்குள்ள தள்ளப் போறன் எண்டு நிண்டான். பக்கத்து வீட்டுப் பொடியன் அது பாவம் எண்டு சண்டை பிடிச்சிட்டு எழும்பிப் போயிட்டான். ரெண்டு பேரும் இப்ப பேச்சில்ல. இது உண்மையில பாவமா ஃபாதர்?"

நான் சிரிக்கவில்லை. குருமடத்தில் நான் கற்ற அறநெறி நூல்கள் ஒன்றிலும் இக்கேள்விக்கு நேரடி விடை கிடையாது என்பது மாத்திரம் உடனே நினைவுக்கு வந்தது. "வீட்டுக்கு வாறன், அந்த விளையாட்டை நானும் பார்க்க வேணும்" என்றேன். அவ்வாரத்திலேயே போனேன். அங்கே கண்டதையும், அதன் பின் பல நாட்களாக என் உள்ளத்தில் ஓடிய எண்ணங்களையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில், இது ஒரு வீட்டுக் கேள்வியன்று. பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டின் கேள்வியும் இன்று இதுவே.

முதலில், இவ்விளையாட்டை அறியாத பெற்றோருக்காகச் சில வார்த்தைகள். இதன் பெயர் மைன்கிராப்ட். சுவீடன் தேசத்தவரான மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009-ஆம் ஆண்டு மே மாதம் இதனை முதன்முதலில் மக்கள் முன் வைத்தார். 2011 நவம்பரில் இதன் முழு வடிவம் வெளிவந்தது. 2014-இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இதனை ஆக்கிய நிறுவனத்தை 250 கோடி டொலருக்கு வாங்கிக்கொண்டது. 2023-ஆம் ஆண்டளவில் இதன் பிரதிகள் 30 கோடிக்கு மேல் விற்பனையாகியிருந்தன. ஆக, கல்முனைச் சிறுவன் தன் கையடக்கத் தொலைபேசியில் ஆடுவது உலகத்துச் சிறுவர்கள் பலர் ஆடும் அதே ஆட்டந்தான்.

அது ஒரு பரந்த உலகம். மண், மரம், கல், கடல் யாவும் சதுரக் கட்டிகளால் ஆனவை. பிள்ளை அவ்வுலகில் வெறுங்கையனாய் இறக்கிவிடப்படுகிறான். மரம் வெட்டி, கல் உடைத்து, வீடு கட்டி, உணவு தேடிப் பிழைத்துக்கொள்ள வேண்டும். இன்னதைத்தான் செய்ய வேண்டும் என்ற கட்டளை எதுவும் இல்லை. பகலில் ஆடும் மாடும் பன்றியும் கோழியும் மேயும். இரவானதும் நடைப்பிணங்கள் எழுந்து வரும். கிறீப்பர் என்றொரு பச்சைப் பிராணி சத்தமில்லாமல் பின்னால் வந்து, அருகில் நின்று, வெடித்துச் சிதறி, கட்டிய வீட்டையும் உடைத்துப் போடும். ஆக்கியவர் பன்றியின் உருவத்தை வரையும்போது நீளத்தையும் உயரத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்ட பிழையிலிருந்து பிறந்ததாம் அது! அந்தப் பயங்கரப் பிராணியும் பூனையைக் கண்டால் ஓடும் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை. எலும்பு கொடுத்தால் ஓநாய் பழகி நாயாகிவிடும்; எஜமானுக்காகச் சண்டையிட்டு உயிரையும் விடும். அந்த நாய் இறந்த அன்று சோறு உண்ண மறுத்த பிள்ளைகளும் உண்டு.

அவ்வுலகில் ஊர்களும் உண்டு, ஊரார் உண்டு. பெரிய மூக்கும் நீண்ட அங்கியுமாய்ப் பேசத் தெரியாமல் முனகிக்கொண்டு திரிவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில்: கமக்காரர், மீன்பிடிகாரர், கொல்லர், நூலகர் என்று. மரகதக் கல்லைக் கொடுத்தால் அவர்களிடம் பண்டம் வாங்கலாம். அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்து மரகதம் பெறலாம். இரவில் நடைப்பிணங்கள் வந்து இவர்களையும் தாக்கும். இவர்களைக் காப்பதற்கென்று ஓர் இரும்பு மனிதன் ஊரைச் சுற்றி நடப்பான்.

இனி நம் சிறுவன் செய்ததற்கு வருவோம். ஊரார் அங்குமிங்கும் திரிந்தால் வியாபாரத்துக்குத் தொல்லை என்று, அவர்களை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து, ஒரே ஒரு கட்டி அகலமுள்ள அறைகளில் நிறுத்தி, முன்னால் அவரவர் தொழிலுக்கான மேசையை வைத்து அடைத்துவிட்டான். இருபது அறைகள், இருபது பேர். உட்காரவும் முடியாது, நகரவும் முடியாது. அவன் கண்டுபிடித்த வழியன்று இது. உலகமெங்கும் இவ்விளையாட்டில் வல்லவர்கள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் வழியே இது.

இன்னொன்றையும் எனக்கு விளக்கினான். நடைப்பிணம் கடித்த ஊரானை ஒரு மருந்தாலும் பொன் அப்பிளாலும் குணப்படுத்தலாம். குணமடைந்தவன் நன்றியுள்ளவனாய், தன்னைக் காப்பாற்றியவனுக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பான். "ஆனபடியா ஃபாதர், நாங்களே முதல்ல அவனுக்குக் கடி வாங்கிக் குடுத்திட்டு, பிறகு சுகப்படுத்துவம்" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. கணக்கு ஒன்றைச் சரியாகச் செய்துவிட்ட மாணவனின் பெருமையே இருந்தது.

ஊராரில் பச்சை அங்கி அணிந்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு எந்தத் தொழிலும் வராது. எந்த மேசையை முன்னால் வைத்தாலும் கற்றுக்கொள்ள மாட்டான். வாங்கவும் மாட்டான், விற்கவும் மாட்டான். ஆங்கிலத்தில் அவனுக்கு இட்ட பெயரே மந்தபுத்திக்காரன் என்று பொருள்படும். நெருப்புக் குழம்புக்குள் தள்ளப்பட இருந்தவன் இவன்தான். "ஏன் மனே?" என்று கேட்டேன். "அவனால ஒரு பிரயோசனமும் இல்ல ஃபாதர். இடத்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறான்."

பக்கத்து வீட்டுச் சிறுவன் ஓர் இஸ்லாமியப் பிள்ளை. அதே உலகில் அவனும் சேர்ந்து ஆடுவான். "அடைச்சி வைக்காதடா, பாவம்டா" என்று அவன் முதலில் சொல்லியிருக்கிறான். அவனுடைய உம்மம்மா அவனுக்கு ஒரு நபிமொழிக் கதையைச் சொல்லிக் கொடுத்திருந்தார். பூனையொன்றை அடைத்துவைத்து, தானும் உணவிடாமல், வெளியே போய் இரை தேடவும் விடாமல் சாகவிட்ட ஒரு பெண், அதற்காகவே தண்டனைக்கு ஆளானாள் என்பது அக்கதை. நம் சிறுவன் விடவில்லை: "இவங்களுக்குப் பசியே வராது. சாப்பாடு இல்லாட்டியும் சாக மாட்டாங்க. பிறகென்ன பாவம்?" விவாதம் அங்கேதான் சண்டையாய் முடிந்தது.

வாசகரே, இரு சிறுவர்களும் தங்களை அறியாமலேயே ஒரு பழைய தத்துவக் கேள்வியின் இரு பக்கங்களில் நின்றுவிட்டார்கள். உணர்வில்லாத ஒன்றுக்குச் செய்யப்படும் கொடுமை கொடுமையாகுமா?

முதல் விடையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரானுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. அவனுக்கு ஆன்மா இல்லை, நோவு இல்லை, அச்சம் இல்லை. அவன் எண்களின் கூட்டம். ஒளிப் புள்ளிகளின் அசைவு. தொலைபேசியை அணைத்தால் அவனும் இல்லை, அவனுடைய சிறையும் இல்லை. ஆகவே, தன் பிள்ளை விளையாட்டில் ஆட்டை வெட்டினான், நடைப்பிணத்தை அடித்தான் என்று எந்தத் தாயும் கலங்க வேண்டாம். பிள்ளைகளையும் இதற்காகப் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துவர வேண்டாம். ஒரு காலத்தில் கள்ளன் பொலிஸ் விளையாடினோம். களிமண் பொம்மையைச் செய்து உடைத்தோம். யாரும் கொலைகாரராகிவிடவில்லை. விளையாட்டு எது, வாழ்க்கை எது என்பது பிள்ளைக்குத் தெரியும். சில வேளைகளில் பெரியவர்களைவிட நன்றாகவே தெரியும்.

ஆனால் விடயம் இத்துடன் முடிந்துவிடுகிறதா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவைனாஸ் இதை ஒத்த கேள்வியைச் சிந்தித்தார். மிருகங்களுக்குப் பகுத்தறியும் ஆன்மா இல்லை என்றே அவர் கருதினார். எனினும் அவற்றைக் கொடுமைப்படுத்தல் ஆகாது என்றார். மிருகத்திடம் கொடுமை பழகியவன் மனிதனிடமும் அதே கொடுமையைக் காட்டுவான் என்பது அவர் தந்த காரணம். ஐந்து நூற்றாண்டுகளின் பின் ஜேர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் என்பவரும் ஏறக்குறைய இதையே சொன்னார். இவர்கள் இருவரின் கண்கொண்டு நோக்கினால், கேள்வி அந்த ஊரானைப் பற்றியதன்று. அவனை அடைத்த கையைப் பற்றியது.

நான் இவ்விடையோடு நின்றுவிடத்தான் முதலில் எண்ணினேன். ஆயினும், நம் கடற்கரையே எனக்கு மறுப்புச் சொன்னது. விடியற்காலையில் கல்முனைக் கரையில் நின்று பாருங்கள். கரைவலை இழுத்துக் கரை சேர்ப்பவர்களின் கையில் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் மீன்கள் மடிகின்றன! கொல்லும் பழக்கம் ஒன்றே மனிதனைக் கொடியவனாக்குமென்றால், நம் மீனவர்கள் உலகிலேயே கொடியவர்களாக இருக்க வேண்டும். உண்மை அப்படியா? கடலில் தத்தளிக்கும் அந்நியனுக்குத் தோணியைத் திருப்புகிறவர்கள் அவர்கள். வலையில் அகப்பட்ட கடலாமையை அறுத்து விடுவிக்கிறவர்களை நானே கண்டிருக்கிறேன். ஆகவே கொல்வது வேறு, கடினப்படுவது வேறு. எது உள்ளத்தைக் கடினப்படுத்துகிறது?

நண்பர்களே, நெடுநேரம் சிந்தித்த பின் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கையைவிடக் கண்ணே முதலில் கடினப்படுகிறது. மீனவன் மீனைக் கொல்கிறான். ஆனால் மீனை அவன் அறிவான். அது எப்போது கரைக்கு வரும், எங்கே முட்டையிடும், எந்தக் காற்றுக்கு ஆழம் போகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் அதைப் பார்த்திருக்கிறான். அந்தச் சிறுவனோ இருபது அறைகளில் இருபது பேரை அடைத்தபோது, அவர்களை அவன் பார்க்கவேயில்லை. அவன் கண்டது விலைப்பட்டியலை. "இவன் யார்?" என்ற கேள்வி மறைந்து, "இவனால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்வி மாத்திரம் மிஞ்சியது. எதுவும் கிடைக்காத பச்சை அங்கிக்காரனுக்கு நெருப்புக் குழம்பு!

நோயைக் கொடுத்து, மருந்தையும் கொடுத்து, நன்றியை அறுவடை செய்யும் அந்தத் தந்திரத்தை எண்ணிப் பாருங்கள். அது விளையாட்டில் மட்டுமா நடக்கிறது? மக்களை முதலில் கடனாளியாக்கிவிட்டுப் பின்னர் கைதூக்கிவிடுவது போல் வருபவர்களை நாம் கண்டதில்லையா? பயத்தை ஊட்டிவிட்டுப் பாதுகாப்பை விற்பவர்களை நாம் கேட்டதில்லையா? பிள்ளை இதை விளையாட்டில் கண்டு பெருமைப்படும்போது, பெரியவர்களின் உலகத்தைத்தான் அவன் சிறிய அளவில் கற்றுக்கொள்கிறான்.

இதே விளையாட்டைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் தவறியவனாவேன். 2017-ஆம் ஆண்டு இதில் கிளிகளைச் சேர்த்தார்கள். கிளிக்கு பிஸ்கட் கொடுத்தால் அது பழகிவிடும் என்று முதலில் அமைத்திருந்தார்கள். அந்த பிஸ்கட்டில் சொக்கலேட் உண்டு. உண்மைக் கிளிக்கோ சொக்கலேட் நஞ்சு. "விளையாட்டைப் பார்த்துச் சிறுபிள்ளைகள் வீட்டுக் கிளிக்கும் இதையே கொடுப்பார்களே!" என்று சிலர் எச்சரித்தார்கள். ஆக்கியவர்கள் அதைச் செவிமடுத்தார்கள். இன்று அவ்விளையாட்டில் கிளியைப் பழக்கத் தானிய விதைகளைத்தான் கொடுக்க வேண்டும். பிஸ்கட் கொடுத்தால் கிளி இறந்துவிடும். இல்லாத கிளிக்கு நீட்டும் கை, இருக்கின்ற கிளியின் கூட்டுக்கும் நீளும் என்பதை விளையாட்டை ஆக்கியவர்களே ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டார்கள். நாம் மட்டும் "அது வெறும் விளையாட்டு" என்று சொல்லித் தப்பலாமா?

தொலைபேசியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நம் சொந்த மண்ணைப் பார்ப்போம். நமது அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்னும் இடத்தில் ஒரு குப்பைமேடு உண்டு. பல ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. காட்டு யானைகள் அங்கே வந்து, உணவு மணத்தோடு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கையும் பொலித்தீன் பைகளையும் சேர்த்து விழுங்கின. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் இருபது யானைகளளவில் இவ்வாறு மடிந்தன என்று 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் எழுதின. இறந்த யானையின் வயிற்றைப் பிளந்தபோது வந்தவை நாம் சோறும் கறியும் கட்டிய பைகள்!

அந்த யானைகளைக் கொன்றவர் யார்? ஒருவருமில்லை. துவக்கை எடுத்தவர் இல்லை. பகை கொண்டவர் இல்லை. நம்மில் யாரும் யானையை வெறுப்பவரும் அல்லர். பையை முடிந்து வாசலில் வைத்தோம். வண்டி வந்து எடுத்துச் சென்றது. அத்தோடு நம் கண்ணுக்கு அது மறைந்துவிட்டது. அதுதான் குற்றத்தின் வேர். கொடுமை செய்ய வேண்டும் என்ற எண்ணம் தேவையே இல்லை, பாராதிருந்தால் போதும்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. ஓர் இரவில் யானை மிதித்து அழிந்த வயலின் நடுவே நிற்கும் விவசாயிக்கு யானை அழகிய படைப்பாகத் தெரியாது. 2023-ஆம் ஆண்டில் மாத்திரம் நம் நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்தப் போராட்டத்தில் மடிந்தார்கள். விவசாயியின் கண்ணீரும் கண்ணீரே. ஆனால் உணவுக்குள் வெடியை ஒளித்து வைத்து, கடிக்கும்போது தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்காகத் துடித்துச் சாகவிடும் அந்த முறை எதற்கு? விளையாட்டுக் கிறீப்பர் வெடித்தால் கட்டிகள்தான் சிதறும். இங்கே சிதறுவது நோவை அறியும் உடல். தேவையின்றி மிருகங்களை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. மிருகத்தின் வேதனையைப் பேசும் இடத்தில் மனிதனின் மாண்பைப் பற்றிப் பேசுவானேன்? ஏனெனில், வதைக்கும்போது சிறுத்துப் போகிறவன் மனிதனே.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். பச்சை அங்கிக்காரனைக் காட்டி நான் சிறுவனிடம் கேட்டேன்: "இவன்ட பேர் என்ன?"

அவன் விழித்தான். "பேரா? இவங்களுக்குப் பேர் இல்ல ஃபாதர். வேணுமெண்டா நாங்க வைக்கலாம்." பிறகு அவனே விளக்கினான். அவ்வுலகில் பெயர்ச்சீட்டு என்று ஒன்று உண்டு.  பட்டடையில் வைத்து அதில் ஒரு பெயரை எழுதி, எந்தப் பிராணிக்கும் மாட்டிவிடலாம். அதன் பின் அவன் சொன்ன செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இரவில் தோன்றும் பகைப் பிராணிகள், ஆடுபவன் தொலைவுக்குப் போனால் தாமாகவே மறைந்துபோகும். ஆனால் பெயரிடப்பட்ட பிராணி மறையாது. எவ்வளவு தூரம் போய் வந்தாலும் அங்கேயே இருக்கும்.

அன்பர்களே, பெயரிடப்பட்டது மறைவதில்லை! தொடக்க நூலில் ஆண்டவர் முதல் மனிதனிடம் மிருகங்களையும் பறவைகளையும் கொண்டுவந்தபோது, "இவற்றால் உனக்கு என்ன லாபம் என்று கணக்கிடு" என்று சொல்லவில்லை. அவன் அவற்றுக்கு என்ன பெயரிடுவான் என்று பார்க்கவே கொண்டுவந்தார். பெயரிட வேண்டுமானால் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

பெயரின் அருமை நம் கரையோர மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, இம்மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடல்களை அவசரமாய் அடக்கம் செய்ய வேண்டியிருந்த அந்த நாட்களில், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருடைய ஊருக்குள் ஒருவர் ஓடி ஓடித் தேடியது எதை? ஒரு பெயரைத்தான். எண்ணிக்கை யாருக்கும் ஆறுதல் தரவில்லை.

2019-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நம் ஆலயங்களில் குண்டுகள் வெடித்த பின் நடந்ததையும் நாம் மறக்கவில்லை. நம் காயம் பெரிது. அதைச் சிறிதாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்தத் துயரத்தின் நடுவில், நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்த அயலவர் பலர் ஒரே நாளில் பெயரை இழந்து, "அவங்கள்" என்ற ஒரே சொல்லாகிப் போனார்கள். ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பதையும் அந்த ஒரு சொல் மறைத்துவிட்டது. பெயரைப் பறித்துவிட்டால், எந்த மனிதனையும் ஓர் அறைக்குள் அடைத்துவிடலாம், மனம் உறுத்தாது.

தமிழர் மரபிலும் இதற்கொரு விளக்கு உண்டு. பறம்பு நாட்டுப் பாரி, பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரை ஈந்தான். பேகன், குளிரில் நடுங்குவதாய்க் கண்ட மயிலுக்குப் போர்வையைப் போர்த்தினான். கொடிக்குத் தேரின் பெருமை தெரியுமா? மயில் போர்வையை உடுத்திக்கொள்ளுமா? திரும்ப எதுவும் தராது, நன்றியும் சொல்லாது என்று தெரிந்தும் கொடுத்தார்கள். உலகம் இதைக் கொடைமடம் என்றது. ஆனாலும் ஈராயிரம் ஆண்டுகளாய் அவர்களைக் கொண்டாடுகிறது. கொடை கொடியை மாற்றவில்லை, பாரியைப் பாரியாக்கிற்று. வேடிக்கை என்னவென்றால், நம் சிறுவர்களை அச்சுறுத்தும் கிறீப்பர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் படரும் கொடி என்றும் பொருள் உண்டு. ஒரு கொடியைக் கண்டு தேரை விட்டு இறங்கியவனின் மொழியைப் பேசுகிறவர்கள் நாம்!

ஆகவே, அந்தத் தாய்க்கு நான் சொன்ன விடை இதுதான்: "அந்தப் பொம்மைக்கு உங்கள் மகன் பாவம் செய்யவில்லை. ஆனால் அவன் ஒரு பார்வையைப் பழகுகிறான். அந்தப் பார்வை தொலைபேசியோடு நிற்குமா, வீட்டுக்குள்ளும் வருமா என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும்."

பெற்றோரே, தொலைபேசியைப் பறித்து உடைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு நாள் மாலையில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். "என்ன கருமம் இது?" என்று கேளாதீர்கள். "இவர் யார்? இந்த நாய்க்குப் பேரென்ன? இவரை ஏன் அடைத்து வைத்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். பிள்ளை விளக்கட்டும். விளக்கும்போதே அவன் பார்க்கத் தொடங்குவான். நாய் இறந்ததற்காக அவன் அழுதால் ஏளனம் செய்யாதீர்கள். அந்த நாய் பொய்யாக இருக்கலாம். அழுத நெஞ்சு மெய்யானது. நாளை ஒரு மெய்யான துயரத்துக்கு அழப்போகும் நெஞ்சும் அதுவே.

இன்னும் ஒன்று, மிக முக்கியமானது. பிள்ளை "பிரயோசனமில்லாதவன்" என்ற சொல்லை எங்கே கற்றான்? விளையாட்டிலா, நம் சாப்பாட்டு மேசையிலா? ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒரு பச்சை அங்கிக்காரர் உண்டு. உழைக்க முடியாத முதிய தந்தை. மனம் தளர்ந்து விறாந்தையில் உட்கார்ந்திருக்கும் மாமா. படிப்பு ஏறாத பிள்ளை. கல்யாணமாகாமல் அடுப்படியோடு ஒதுங்கிவிட்ட பெரியம்மா. அவர்களைப் பற்றி நாம் பேசும் விதத்தைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறான். "இடத்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறான்" என்ற வாக்கியத்தை எந்த விளையாட்டும் அவனுக்குத் தமிழில் கற்றுக்கொடுக்கவில்லை.

சில வாரங்களின் பின் அவ்வழியே போனபோது மீண்டும் அந்த வீட்டில் நுழைந்தேன். இரு சிறுவர்களும் ஒரே பாயில், தலையோடு தலை முட்டியபடி கிடந்தார்கள். பச்சை அங்கிக்காரன் உயிரோடிருந்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை தான் சேமித்து வைத்திருந்த பெயர்ச்சீட்டை அவனுக்கு மாட்டிவிட்டிருந்தான். ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது: சும்மா காக்கா. அவருக்குக் கடலோரத்தில் ஒரு வீடும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அறைகளில் அடைபட்டிருந்தவர்களும் வெளியே திரிந்தார்கள்.

"வியாபாரம் எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்லா குறைஞ்சிட்டு ஃபாதர்" என்றான் நம் சிறுவன். "ஒவ்வொருத்தரையும் தேடிப் பிடிக்கிறதுக்கே பொழுது போயிடுது."

"பிறகேன் திறந்து விட்டாய்?"

அவன் சிறிது யோசித்துவிட்டுச் சொன்னான்: "பேர் வைச்சதுக்குப் பிறகு அடைச்சி வைக்க ஒரு மாதிரி இருக்கு ஃபாதர்."

வாசகரே, என் நீண்ட கட்டுரையைவிட அந்தப் பிள்ளை சொன்ன அந்த ஒரு வாக்கியமே போதும். இன்று மாலை உங்கள் வீட்டு விறாந்தையில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் அருகே போங்கள். அவருடைய பெயரைச் சொல்லி ஒரு முறை அழையுங்கள்.